பாக்கையும் கேளுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், வீடுவீடாகப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும்

வணக்கம்.

தொற்றா நோய்களுக்காக வீட்டு வாசலில் வைத்து நிரப்பும் சமூக மதிப்பீட்டுப் படிவத்தின் முதல் பகுதியில் ஒரு கேள்வி இருக்கிறது: புகைபிடிப்பீர்களா, குட்கா, கைனி போன்ற புகையில்லாப் பொருள்களைப் பயன்படுத்துவீர்களா? அதே படிவத்தின் அடுத்த பகுதியில் இன்னொரு கேள்வி: வாயைத் திறப்பதில் சிரமம் உண்டா? இந்த இரண்டுக்கும் நடுவே கேட்காமல் விட்டுப்போன ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். அந்தச் சொல் பாக்கு.

நாள் முழுக்கச் சீவல் மெல்லுகிற ஒருவரிடம் முதல் கேள்வியைக் கேட்டால் "அதெல்லாம் இல்லைம்மா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. புகையிலையை அவர் தொட்டதே இல்லை. படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பூஜ்ய மதிப்பெண் விழும். வாய் திறக்கச் சிரமமா என்ற கேள்விக்கு அவர் "கொஞ்சம் அப்படித்தான்" என்று சொல்லத் தொடங்கும்போது கன்னத்தின் உட்பக்கம் ஏற்கெனவே நார் பிடித்து இறுகியிருக்கும். விளைவைக் கேட்கிற படிவம் காரணத்தைக் கேட்காமல் விட்டிருக்கிறது.

பாக்கு மட்டும் போட்டால் ஆபத்தில்லை, புகையிலை சேர்ந்தால்தான் கெடுதல் என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டும் இல்லை, மருத்துவம் படித்தவர்களிடமும் இருக்கிறது. ஒரு காலத்தில் அறிவியலும் அந்த இடத்தில்தான் நின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1985-இல் புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்தது. புகையிலை சேர்க்காததைப் பற்றி அப்போது முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை. அந்தச் சான்று பெரும்பாலும் தைவானிலிருந்து வந்தது. அங்கே பாக்கு மெல்லுகிறவர்கள் அதோடு புகையிலை சேர்ப்பதில்லை. ஆனாலும் வாய்ப்புற்று அவர்களை வாட்டியது. 2004-இல் வெளியான முடிவில் புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும், தனியாகப் பாக்கும், முதல் தொகுதியில் வைக்கப்பட்டன. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்டவற்றுக்கான தொகுதி அது. சிகரெட்டும் மதுவும் இருக்கிற அதே வரிசை. இருபது ஆண்டுகள் கடந்தும் நம் படிவத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

2022-இல் உலகம் முழுவதும் வந்த வாய்ப்புற்றுகளில் சுமார் 1,20,000, புகையில்லாப் புகையிலையாலும் பாக்காலும் வந்தவை என்று அதே முகமையின் ஆய்வாளர்கள் 2024-இல் கணக்கிட்டார்கள். அதில் ஏறத்தாழ 83,400 இந்தியாவில். இலங்கையில் 1,300. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நம் நாட்டில். இவ்வளவையும் தவிர்த்திருக்க முடியும் என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள்.

பாக்கு எப்படிக் கெடுக்கிறது என்பதைக் களப்பணியாளர்கள் ஒருமுறை தெளிவாகத் தெரிந்துகொண்டால், எதிரில் இருப்பவரிடம் தயங்காமல் பேச முடியும். பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. போட்டவுடன் உடம்பு லேசாகச் சூடேறுவதும், நெற்றி வியர்ப்பதும், சுறுசுறுப்பு வருவதும் அதனால்தான். அதே அரிகோலின் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் உற்பத்தி செய்யும் செல்களைத் தூண்டிவிடுகிறது. பாக்கில் செம்புச் சத்தும் மிகுதி. அது நாரோடு நாரைப் பிணைக்கும் நொதியை முடுக்குகிறது. பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான டானின், பழைய நாரைக் கரைத்து அகற்றும் வேலையைத் தடுக்கிறது. ஆக, நார் அதிகமாக உருவாகிறது, உருவானது இறுகுகிறது, இறுகியது கரைவதில்லை. கடினமான பாக்குத் துண்டு நாள் முழுக்க உரசுவதால் உண்டாகும் கீறல்கள், இந்தப் பொருள்கள் உள்ளே இறங்க வழி செய்கின்றன. சுண்ணாம்பு சேரும்போது வாயில் காரத்தன்மை ஏறி, மரபணுவைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் கூடுகின்றன. புகையிலையும் சேர்த்துப் போடுகிறவருக்கு, சுண்ணாம்பு நிகோட்டினையும் வேகமாக ரத்தத்தில் ஏற்றிவிடும். சுண்ணாம்பு சேர்த்த புகையிலையை விடுவது கூடுதல் கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த நார் இறுக்கத்துக்கு மருத்துவத்தில் வாய்ச் சளிப்படல அடிநார்த் திசு நோய் என்று நீளமான பெயர். மக்கள் சொல்வது 'வாய் இறுகிப் போச்சு'. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் முதன்முதலில் இதைப் பதிவு செய்தது கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் என்பதைக் கவனிக்க வேண்டும். கடல் கடந்து போன பழக்கத்தோடு நோயும் போயிருக்கிறது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயுள்ளவர்களை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் 7.6 சதவீதத்தினருக்கு அது புற்றாக மாறியது. நூறு பேரில் ஏழெட்டுப் பேர். புற்றாக மாறாத மற்றவர்களும் நலமாக இல்லை. இட்லியைப் பிய்த்துத் திணித்துச் சாப்பிடுகிறவர்களும், பல் துலக்கப் பிரஷ் நுழையாதவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

இனி, வாசலில் நின்று கேட்கும் கேள்விக்கு வருவோம். "பாக்கு போடுவீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. வெற்றிலை பாக்கு என்றால் தாத்தா பாட்டி போடுவது என்று நினைக்கிற இளைஞர், தான் மெல்லும் வாசனைப் பாக்கை மிட்டாய்க் கணக்கில் வைத்திருப்பார். எனவே பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: கொட்டைப்பாக்கு, களிப்பாக்கு, சீவல், பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் வாசனைப் பாக்கு, பான் மசாலா, பீடா, மாவா, உதட்டுக்குள் வைக்கும் சிறு பை. இவற்றில் மாவாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாக்குச் சீவலில் கொஞ்சம் புகையிலையும் சுண்ணாம்பும் போட்டுக் கசக்கித் தருவது அது. பெரும்பங்கு பாக்குதான். 'மாவாதான், ஹான்ஸ் (பொட்டலப் புகையிலை) இல்லை' என்று சொல்பவர் இரண்டு ஆபத்தையும் ஒன்றாக வாயில் வைத்திருக்கிறார். கூலிப் என்று பிள்ளைகள் சொல்லும் உதட்டுப் பை முழுக்கப் புகையிலை. அதைத் துப்ப வேண்டியதில்லை, மெல்லவும் வேண்டாம், வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஆசிரியர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது.

பெயருக்குப் பிறகு நான்கு விவரம் வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம்? எந்தக் கன்னத்தில் அடக்குவீர்கள்? இரவில் அடக்கிக்கொண்டே தூங்குவதுண்டா? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. நாளைக்கு இரண்டு தடவைதான் என்று சொல்பவர், இரண்டாவதைக் கன்னத்தில் வைத்தபடியே விடிய விடியத் தூங்குபவராக இருந்தால், பத்துத் தடவை போட்டுத் துப்புகிறவரைவிட அதிக நேரம் அந்த இடம் பாக்கில் ஊறுகிறது. எந்தக் கன்னம் என்று தெரிந்தால் டார்ச்சை முதலில் எங்கே அடிப்பது என்றும் தெரிந்துவிடும்.

கேட்கும் விதமும் முக்கியம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகளிடம் கேட்டால் பதில் வராது. தாம்பூலத் தட்டைக் குறை சொல்வதுபோல் தொனித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் தட்டில் வைக்கிற வெற்றிலை பாக்கைப் பற்றி நமக்கு ஒரு புகாரும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆண்டுக்கு நாலு சுபகாரியத்தில் எடுத்துக்கொள்வது வேறு, காலையில் டீ குடித்தது முதல் படுக்கும் வரை கன்னத்தில் இருப்பது வேறு.

அடுத்தது பார்ப்பது. கேட்பதைவிட இதுதான் உயிர் காக்கும் வேலை. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் 13 பஞ்சாயத்துகளில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைக் கண்ணால் பார்த்தார்கள். சுமார் 1,90,000 பேர் இடம்பெற்ற ஆய்வு. மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்று. 2005-இல் முடிவு வெளியானபோது, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில் வாய்ப்புற்று மரணம், பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் 34 சதவீதம் குறைந்திருந்தது. டார்ச்சும் கையுறையும் கண்ணும் செய்த வேலை அது.

முறையைச் சொல்கிறோம். செயற்கைப் பல் இருந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். பாக்குக் கறை படிந்த வாயில் வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் மறைந்திருக்கும், அதனால் சந்தேகமான இடத்தை ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்தால் போகிற வெள்ளை, பூஞ்சையாகவோ உணவு ஒட்டியதாகவோ இருக்கலாம். துடைத்தும் போகாத வெள்ளையைத்தான் நாம் தேடுகிறோம். சுற்றிலும் இருப்பதைவிட அடர்ந்த சிவப்பில், வெல்வெட் துணிபோல ஒரு திட்டு தெரிந்தால் வெள்ளையைவிட அதற்கு முன்னுரிமை. சிவப்புத் திட்டில் ஏற்கெனவே புற்று இருக்க வாய்ப்பு அதிகம்.

வரிசை மாறாமல் பார்ப்பது நல்லது. உதட்டின் வெளிப்புறம், உட்புறம். வலக் கன்னம், இடக் கன்னம். பிறகு இரண்டு மரக் குச்சியால் கன்னத்தை விலக்கிப் பிடித்து, கீழ்த் தாடையில் ஈறும் கன்னமும் சேரும் பள்ளம். பாக்கு அடக்குகிற இடம் இதுதான், அவசரத்தில் தவறிப்போகும் இடமும் இதுதான். அடுத்து நாக்கு. நீட்டச் சொல்லிப் பார்த்தால் மேற்பகுதி மட்டும் தெரியும். நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து அதன் ஓரத்தைக் கடைசிவரை பார்க்க வேண்டும், பிறகு மறுபக்கம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டச் சொல்லி அடிப்பகுதி. கடைசியாக மேலண்ணம், உள்நாக்கு. வெளியே தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் விரலால் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழகிய கைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

நார் இறுக்கத்துக்குக் கண்ணோடு விரலும் வேண்டும். ஆரோக்கியமான கன்னம் இளஞ்சிவப்பாக ஈரத்தோடு மெத்தென்று இருக்கும். இறுகத் தொடங்கிய கன்னம் பளிங்குக் கல்லைப்போல வெளிறி, ஆங்காங்கே நரைத்துத் தெரியும். கையுறை போட்ட ஆள்காட்டி விரலைக் கன்னத்துக்குள் விட்டு, வெளியே கட்டைவிரலை வைத்து மெல்ல உருட்டினால், மேலிருந்து கீழாகத் தடித்த கயிறுபோல ஒன்று விரலில் நெருடும். ஒருமுறை தொட்டுப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள், அடுத்த வாயில் தானாகவே அடையாளம் தெரியும். கன்னத்தை உப்பி ஊதச் சொல்லுங்கள், விசில் அடிக்கச் சொல்லுங்கள், நாக்கை முழுதாக நீட்டச் சொல்லுங்கள். இவை முடியாமல் போவதும் அடையாளமே.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை அளந்தே எழுத வேண்டும். எளிய வழி: அவருடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாகத் தம் முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்வது. அவரவர் விரலைத்தான் பயன்படுத்த வேண்டும், செவிலியரின் விரலை அல்ல. மூன்று விரல் நுழைந்தால் சரி. இரண்டுதான் என்றால் அனுப்ப வேண்டும். பல் மருத்துவரிடம் போனால் மேல் முன்பல்லின் முனையிலிருந்து கீழ் முன்பல்லின் முனைவரை அளவுகோலால் அளப்பார்கள். பெரியவர்களுக்கு 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறைவு, 20-க்குக் கீழே போனால் கடுமையான இறுக்கம். 'சற்றுக் குறைவு' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அது கூடியதா குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எண் எழுதுங்கள்.

எங்கே பிசகுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த நோயின் முதல் குறி எரிச்சல். சாம்பாரே காரமாகத் தெரிகிறது, ஊறுகாயைத் தொட முடியவில்லை என்று வருபவருக்கு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவது மிகப் பரவலாக நடக்கிறது. மாத்திரையால் கெடுதல் இல்லை, ஆனால் 'என்ன மெல்லுவீர்கள்' என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது. இரண்டாவது, ஆறாத புண்ணுக்கு மாதக்கணக்கில் களிம்பு. கூர்மையான பல் உரசிய புண் என்றால், அந்தப் பல்முனையைத் தேய்த்துவிட்ட இரண்டு வாரத்தில் ஆற வேண்டும். ஆறவில்லையென்றால் மறுபடி களிம்பு அல்ல, திசுப் பரிசோதனை. மூன்றாவது, ஆடுகிற ஒற்றைப் பல்லைப் பிடுங்குவது. சுற்றிலும் மற்றப் பற்கள் உறுதியாக இருக்க, ஒன்று மட்டும் ஆடினால் ஈறைச் சந்தேகிக்க வேண்டும். பிடுங்கிய குழி ஆறாமல் சதை வளர்ந்த பிறகு கண்டுபிடிப்பது தாமதம். நான்காவது, வலி இல்லையே என்ற ஆறுதல். வாய்ப்புற்று தொடங்கும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரும்போது அது ஆழமாக இறங்கியிருக்கும். திசுப் பரிசோதனை செய்தால் புற்று பரவிவிடும் என்ற பயமும் ஊரெங்கும் இருக்கிறது. அது உண்மையில்லை என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளாமல், ஊசிபோட்டு மரத்துப்போன இடத்தில் அரிசி அளவு சதை எடுப்பார்கள், பத்து நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம் என்று விளக்கமாகச் சொன்னால் ஆட்கள் போகிறார்கள்.

வயதுக்கு வருகிறோம். 2016-இல் மத்திய அரசு வகுத்த வழிமுறையில் வாய்ப் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. பாக்குக்கு அந்த வயது மிகவும் தாமதம். வெற்றிலையோடு போடுகிறவருக்கு இறுக்கம் வர எட்டு ஒன்பது ஆண்டு ஆகலாம். உலர்த்திப் பொட்டலத்தில் அடைத்த பாக்குக் கலவைகளை மெல்லுகிறவருக்கு இரண்டு மூன்று ஆண்டிலேயே வருவதுண்டு. வெற்றிலையின் ஈரம் இல்லாமல், எடைக்கு எடை பாக்கு கூடுதலாக உள்ளே போவதே காரணம். எட்டாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளைக்குக் கல்லூரி முடிவதற்குள் இரண்டு விரல்தான் நுழையும் நிலை வரலாம். இதற்குப் புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை. பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை பரிசோதிக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் பள்ளிக்கு வரும்போது பிள்ளைகளின் பல்லை ஏற்கெனவே பார்க்கிறார்கள். சொத்தைப்பல் பார்க்கத் திறந்த வாயில் மூன்று விரல் நுழைகிறதா என்று பார்த்து ஓர் எண்ணை எழுதினால் போதும். ஆறாம் வகுப்பிலிருந்து இதைச் செய்யும்படி சுற்றறிக்கை ஒன்று வேண்டும். தைவானில் 2004 முதல் அரசுத் திட்டத்திலேயே பாக்கு மெல்லுகிறவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை நடக்கிறது. பழக்கம் பரவலாக உள்ள பழங்குடி மக்களுக்கு அது 18 வயதிலேயே தொடங்குகிறது.

சட்டத்திலும் இதே ஓட்டைதான். 2013 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தடை, புகையிலை அல்லது நிகோட்டின் கலந்த உணவுப் பொருள்களுக்கு. சிறுவர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு ஆண்டுவரை சிறை என்கிறது. பாக்குக் கொடுத்தால் ஒன்றுமில்லை. புகையிலைப் பொட்டலத்தில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் வேண்டும். பான் மசாலாவுக்கு 2023 மே முதல் முன்பக்கத்தில் பாதி இடத்துக்கு எச்சரிக்கை எழுத்து வேண்டும். இனிப்புப் பாக்குப் பொட்டலத்தில் எந்தப் படமும் இல்லை, பளபளப்புதான் இருக்கிறது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற விதியைப் பாக்குக்கும் நீட்ட மாநில அரசு வழி காண வேண்டும். அது வரும்வரை, பள்ளி மேலாண்மைக் குழு பக்கத்துக் கடைக்காரரிடம் பேசிச் சரத்தை உள்ளே எடுத்து வைக்கச் செய்யலாம். கண்ணில் படாதது கையில் வருவதும் குறையும்.

கேட்டு, பார்த்து, பயமுறுத்தி அனுப்பிவிட்டால் ஒன்றும் நடக்காது. விட உதவ வேண்டும். பாக்கு ஒரு போதைப் பொருளே. புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் போட்டவருக்கும் நிறுத்திய முதல் வாரத்தில் தலைவலி, எரிச்சல், தூக்கம் கெடுதல், வாய் வெறுமையாக இருக்கிற தவிப்பு எல்லாம் வரும். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், மூன்றாம் நாள் 'எனக்கு ஒத்துக்கல' என்று திரும்பப் போடுவது குறையும். பத்து நாளுக்குள் ஒரு தேதி குறிக்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தின நாள் சட்டைப்பை, வண்டிப் பெட்டி, தலையணைக்கு அடி, கல்லாப் பெட்டி எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும். எந்த நேரத்தில் கை தானாகப் போகிறது என்று மூன்று நாள் குறித்துவைக்கச் சொன்னால் பெரும்பாலும் அதே நேரங்கள்தான் வரும்: டீக்குப் பிறகு, சாப்பாட்டுக்குப் பிறகு, ஸ்டியரிங் பிடிக்கும்போது, தறியில் உட்காரும்போது. அந்த நேரங்களுக்கு மட்டும் மாற்று வேண்டும். சோம்பு, ஏலக்காய், பொட்டுக்கடலை, ஒரு வாய் தண்ணீர். வாய் எரிச்சல் உள்ளவருக்குக் கிராம்பும் உப்பு நெல்லிக்காயும் வேண்டாம், எரிச்சல் கூடும். 'மூலிகைப் பாக்கு', 'புகையிலை இல்லாத பாக்கு' என்று மாறிக்கொள்வது விடுவதாகாது.

நிகோட்டின் சூயிங்கம் புகையிலை சேர்த்துப் போட்டவருக்கு மட்டுமே பயன்படும். வெறும் பாக்குக்காரருக்கு அதைக் கொடுத்தால், இல்லாத நிகோட்டின் பழக்கத்தைக் கொடுத்ததாகும். வாய் இறுகியவருக்கு மெல்லவும் முடியாது, தோலில் ஒட்டும் பட்டையை மருத்துவர் பரிந்துரைக்கலாம். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். புகையிலை விடுவதற்கான தேசிய உதவி எண் அது. விட்டவரை ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். மாத்திரையை நீட்டும்போது கேட்கிற ஒரே கேள்வி, கூடுதல் பயணமே இல்லாமல் இந்த வேலையைச் செய்துவிடும்.

விட்டால் என்ன கிடைக்கும் என்று உண்மையைச் சொல்லுங்கள். எரிச்சல் பெரும்பாலும் குறையும். இறுக்கம் மேலும் கூடுவது தணியும். ஆனால் ஏற்கெனவே இறுகிய நார் தானாகக் கரையாது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, நாளுக்கு நாலைந்து முறை திறந்து பழக வேண்டும், வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டப் பார்க்க வேண்டும். சிலருக்கு ஊசியும், கடுமையானவர்களுக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும். பாக்கை விடாமல் அறுவைச் சிகிச்சை செய்தால் மறுபடி இறுகிவிடும். விட்ட பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டியாக வேண்டும், ஏனென்றால் புற்றாக மாறும் வாய்ப்பு உடனே மறைவதில்லை.

மதுவையும் அதே மூச்சில் கேளுங்கள். மதுவும் புகையிலையும் சேர்ந்தால் வாய்ப்புற்று ஆபத்து கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. உடம்பில் மது சிதைந்து உண்டாகும் அசெட்டால்டிஹைடே புற்றுநோய்க் காரணி. பாக்கு போட்டுக்கொண்டு குடிக்கிறவரின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு வைத்தாலும் தகும்.

துறையிடம் நாங்கள் கேட்பது சிறிய விஷயங்களே. படிவத்தின் முதல் பகுதியில் அந்தக் கேள்வியை இப்படி மாற்ற மத்திய அரசுக்கு எழுதுங்கள், அதுவரை மாநில அளவில் ஒரு கூடுதல் வரியாகச் சேருங்கள்: "வெற்றிலை பாக்கு, சீவல், வாசனைப் பாக்கு, பான் மசாலா, மாவா, குட்கா, ஹான்ஸ், கூலிப் இவற்றில் எதையாவது போடுவீர்களா? நாளைக்கு எத்தனை தடவை? தூங்கும்போது வாயில் இருக்குமா?" பாக்கு மட்டும் என்று சொன்னாலும் புகையிலைக்கு உள்ள அதே மதிப்பெண் கொடுங்கள். பாக்கோ புகையிலையோ உள்ளவர்களுக்கு வாய்ப் பரிசோதனையை ஐந்து ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறையாக மாற்றுங்கள், வயது வரம்பு பார்க்காமல். இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தும் போகாத வெள்ளை, எந்தச் சிவப்புத் திட்டும், மூன்று விரல் நுழையாத வாய், கழுத்துக் கட்டி, இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவர் உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பப்பட்டவர் உண்மையில் போனாரா என்று பத்தாம் நாள் ஒரு போன் செய்து குறிக்கப் பதிவேட்டில் தனிக் கட்டம் வேண்டும்.

பொருள்களுக்கான கணக்கும் தருகிறோம். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அதில் பத்தில் ஒருவருக்கு இந்தப் பழக்கம் என்று வைத்தால் 500 பேர். ஆளுக்கு இரண்டு மரக் குச்சி, ஒரு ஜோடி கையுறை, இரண்டு அங்குலத் துணித் துண்டு இரண்டு. ஆண்டுக்கு 1,000 குச்சி, 500 ஜோடி கையுறை, 1,000 துணித் துண்டு, ஒரு நல்ல டார்ச், அதற்கு மாற்று பேட்டரி. செவிலியர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு நாள் பயிற்சி, அதில் பாதி நாள் வகுப்பறையில் வேண்டாம், புறநோயாளிகள் பிரிவில் உண்மையான இறுகிய கன்னத்தை விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாய்ப்புற்றுத் தடுப்புப் பணியில் உள்ள பல் மருத்துவர்களும் பழக்கம் விடுவிக்கும் ஆலோசகர்களும்